பனிமான், இரண்டு ரியால்

அஜ்மான் மீன் சந்தைக்குப் பின்னால், மூன்றாவது சந்தில்
பெஹ்ரூஸின் தபால்தலைக் கடை.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பெயின்ட் வாளி.
வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கூப்பிட்டார்:
"சுகிர்தா, லென்ஸ் என்னிடம் இருக்கிறது,
கண் மட்டும் கொண்டு வா."

என் கண்ணுக்கு ஷார்ஜா அச்சகத்தில் சம்பளம்.
ஷிஃப்டுக்கு நாற்பதாயிரம் மாத்திரை லேபிள்;
ஐந்நூறு மில்லிகிராமில் ஒரு சுழி உடைந்தாலும்
மெஷினை நிறுத்துகிற கை இது.

கண்ணாடி மேல் இரண்டு தாள்கள்.
தாளுக்கு ஆறு தலை, ஆறிலும்
பனியில் நிற்கும் மான்.
மேலே, பனியே விழாத ஊரின் பெயர் அரபியில்.
கீழே, இரண்டு ரியால்.
எங்கோ குளிர்தேசத்தில் அடித்து
இந்தக் கரையைத் தொடாமலே
ஆல்பங்களுக்குப் போன சரக்கு, என்றார்.
ஒன்று அசல். ஒன்று பிற்பாடு யாரோ போட்ட மறுஅச்சு.
பையன் மேசை துடைத்ததில் கலந்துவிட்டது.
நாளை காலை வியன்னாக்காரர் வருகிறார்.
நீல விளக்குக்கு பேட்டரி இல்லை.

பற்களை எண்ணினேன்.
இரண்டு சென்டிமீட்டருக்கு இதில் பதின்மூன்றரை,
அதிலும் பதின்மூன்றரை.
திருப்பினேன். ஒன்றின் பசை வழவழப்பு,
மற்றதில் ஆறிய பாலாடைச் சுருக்கம்.
சுருங்கியதெல்லாம் பழசா?
இந்த ஊர் ஜூலையில்
நேற்று எடுத்த ஃபோட்டோவே சுருள்கிறது.

லென்ஸ் வைத்ததும் மான் போய்விட்டது.
புள்ளிகள். மஞ்சள் மேல் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு.
பொறுமையாகக் கொம்பிலிருந்து இறங்கி வந்தேன்.
இடத்தாளில், ஆறு மானின் கண்ணிலும்
ஊசிமுனை அளவு வெள்ளை.
வலத்தாளில் கண் முழுக்கக் கறுப்பு.

"கிடைத்ததா?"
"ரெண்டும் வேற வேற. அது நிச்சயம்."
"எது முதல்?"

அங்கேதான் நின்றுவிட்டேன்.
இருந்த வெளிச்சத்தைப் பிறகு அடைத்தார்களா,
இல்லாத கண்ணுக்குப் பிறகு வைத்தார்களா?
அச்சகத்தில் எனக்கு மாஸ்டர் தாள் உண்டு,
கையெழுத்து, சீல், லாமினேஷனோடு.
எதையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் குறை சொல்வேன்.
இங்கே சண்டைக்காரர் இருவர், சாட்சி இல்லை.

பெஹ்ரூஸ் கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தார்.
பிறகு, பில் புத்தகங்களுக்கு அடியிலிருந்து ஒரு கவர்.
விற்பனைக்கு இல்லை என்றார், நான் கேட்காமலே.
பந்தர் லெங்கேயில் இருந்த அம்மாவுக்கு
அவருடைய அப்பா போட்ட கடிதம்.
மூலையில் ஒரு மான்.
சிவப்பு வெளுத்துச் செங்கல்தூளாகி,
கொம்பின் மேல் முத்திரை வளையம்.
நல்லவேளை, கண் தப்பியிருந்தது.

கறுப்பு.

நான் மனசுக்குள் இடத்தாளுக்கு ஓட்டுப் போட்டிருந்தேன்.
வெளிச்சமுள்ள கண்ணை யாருக்குத்தான் பிடிக்காது?
அவர் வலத்தாளை எடுத்து உறையிலிட்டு
பென்சிலால் பாரசீகத்தில் ஒரு சொல் எழுதினார்.
கை கொஞ்சம் நடுங்கியது. விலையை நினைத்தா,
கவரைத் திறந்ததாலா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு பையன் பேட்டரியோடு வருகிறான்!
சரி, அதையும் பார்த்துவிடலாமென்று ஷட்டரை இறக்கினார்.
நீல வெளிச்சத்தில் மறுஅச்சு நிலவாய் எரிந்தது.
அசல் பழுப்பாய், தூங்குகிற மாதிரி.
சோப்புத்தூளில் துவைத்த என் யூனிஃபார்ம் காலர் எரிந்தது.
பையன் பல்லைக் காட்டிச் சிரித்தான், அதுவும் எரிந்தது.

சில்லறை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன்.
உள்ளே நான்காய் மடித்த பாஸ்போர்ட் ஜெராக்ஸ்
கடையிலேயே அதிகமாய் எரிந்தது.
அசல், கம்பெனி அலமாரியில், ஏழு வருடமாக.

"கூலி," என்று இடத்தாளை நீட்டினார்.
ஜெராக்ஸின் மடிப்புக்குள்ளேயே செருகிக்கொண்டேன்.
ஷட்டர் ஏறியது.
வெயிலில் இரண்டும் வெறும் காகிதம்.
வாளி நிரம்பியிருந்தது; பையன் தூக்கிக்கொண்டு போனான்.