ஒன்பதாவது கட்டம்

கல் நகர்ந்தது.
நான் நகர்ந்தேனா கல் நகர்ந்ததா என்பதைப்
பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கொட்டச்சேட்டுக்குக் கீழே, காப்பித் தோட்டத்து வேலி முடிந்து
ஓடைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதை.
மணி மூன்று இருபது.
இடது கணுக்கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை.
முழங்காலுக்குக் கீழே சுடிதார் கிழிந்து
உள்ளே, நான் இதுவரை பார்த்திராத
என்னுடைய ஒரு நிறம்.

பதினோரு வருடமாக ஆலையின் பாதுகாப்புப் பிரிவில்
விபத்துப் படிவம் நிரப்புகிறேன்.
வருடத்துக்கு இரண்டு முறை
ரோலிங் மில் ஆட்களை உட்காரவைத்து
முதலுதவி வகுப்பும் எடுக்கிறேன்.
'அழுத்துங்க. பத்து நிமிஷம். நடுவுல எடுத்துப் பாக்கக் கூடாது.'
கொட்டாவி விடுவார்கள்.

துப்பட்டாவை மடித்துவைத்து அழுத்தினேன்.
இரண்டாவது நிமிடத்திலேயே எடுத்துப் பார்த்தேன்.
மறுபடியும் ஒன்றிலிருந்து.

பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று
சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடியை
அடியிலிருந்து கணு கணுவாக எண்ணினால் தெரியும்.
எண்ணி முடிப்பதற்குள் எறும்புகள் வந்துவிட்டன,
முதல் ஷிப்ட் ஆட்களைப் போல, சரியான நேரத்துக்கு.

போனில் பதினேழு சதவீதம். கோடு ஒன்றுகூட இல்லை.
கற்பூரத் தட்டு மாதிரி தூக்கிக் காட்டினேன்.
வரவில்லை.

கட்டுப்போடக் கட்டை வேண்டும்.
மூங்கில் பத்தடி தள்ளி இருந்தது.
பத்தடி என்பது வேறு மாவட்டம்.
பையில் செருகிய குடை இருந்தது, மடங்காத நீளக் குடை,
செவ்வாய்ப்பேட்டையில் நூற்றெண்பது ரூபாய்.
ஷூவைக் கழற்றாமல், காலோரம் குடையை வைத்து,
பையின் வார் இரண்டையும் உருவி
மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு.
கீழ் முடிச்சில் கத்திவிட்டேன்.
மற்றவர் காலில் கட்டும்போது
'கொஞ்சம் பொறுத்துக்கோங்க' என்பேன்.
சொல்ல ஆளில்லாததால் எனக்கு நானே சொன்னேன்,
மரியாதை குறையாமல்.

அப்புறம்தான் மழை வந்தது.

காலில் விரியாமல் கிடந்த குடையைப் பார்த்துச் சிரித்தேன்.
ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டெருமை
சிரிப்பது எது என்று பார்த்துவிட்டுப் போனது.

உட்கார்ந்தபடியே நகர்ந்தேன்.
கை, கை, இடுப்பு, வலது குதிகால்.
கை, கை, இடுப்பு.
நடந்தால் கால் மணி நேர வழி.

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்: விபத்துக்கான காரணம்.
மாதேஸின் இரண்டு விரல்களுக்கு எழுதினேன், கவனக்குறைவு.
கொக்கி தோளில் இறங்கிய பெரியண்ணனுக்கும்
கவனக்குறைவு.
எழுதச் சுலபம். கட்டத்துக்குள் அடங்கும்.
மாதேஸ் ஒரே ஒருமுறை வந்து கேட்டான்,
'ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்தேன்னு எழுத எடமில்லீங்களா மேடம்?'
இடம் இருந்தது.
எட்டு சென்டிமீட்டர்.

இன்று காலைக் கவனமாகத்தான் வைத்தேன்.
கல்லைப் பார்த்தேன். கல்லும்
அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறரைக்கு ஒரு வளைவில் மேகம் விலகியது.
கீழே சேலம் மொத்தமும் விளக்குப் போட்டிருந்தது.
கஞ்சமலை ஓரமாக ஒற்றைச் சிவப்பு,
எங்கள் புகைபோக்கி.
போனில் ஒரு கோடு.

நூற்றெட்டில் ஒரு பெண் பெயர் கேட்டாள், இடம் கேட்டாள்,
'எப்படிம்மா விழுந்தீங்க?' என்றாள்.
சொல்ல ஆரம்பித்தேன். நீளமாகப் போனது.
நேற்றைய தூக்கம், காலையில் அம்மாவுடன் சண்டை,
தேய்ந்த ஷூ, மேலே யாரோ தோட்டத்துக்குக் குழாய் பதிக்கத்
தோண்டிவிட்டுப் போன மண்.
'சொல்லுங்க, எழுதிக்கறேன்' என்றாள்.

வண்டி வர ஒரு மணி நேரமாம்.

ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு.
விபத்தில்லாத நாட்கள்: 412.
வெளியே உடைந்தது கணக்கில் வராது.
நாளைக் காலை எட்டு மணிக்கு
யாராவது அதை 413 ஆக்குவார்கள்.
வழக்கமாக
நான்தான் ஆக்குவேன்.