இடப்பக்கம் காலி

காந்தி ரோடு லாட்ஜ், மூன்றாம் மாடி.
வசுமதியைச் சட்டகத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு
மீதியைக் காலியாக விட்டார் இம்தியாஸ்.
“அங்க யாரும் வரப்போறதில்ல.
வருவாங்கன்னு தோணணும், அவ்ளோதான்.”

ஏகாம்பரம் பெரிய விளக்கை அணைத்தார்.
கதவடியில் மட்டும் ஒரு கீற்று.
கொஞ்சம் சாம்பிராணிப் புகை.
சத்தம் விழுமென்று ஃபேனையும் நிறுத்தியாயிற்று,
வேலூரில், மே மாதத்தில்.

ஃபோகஸ் என் பொறுப்பு.
அவள் காதோரத்து வியர்வை வரை டேப் பிடித்தேன்:
நான்கடி, இரண்டங்குலம்.

ரோலிங்.
கீற்றின் குறுக்கே ஒரு நிழல் வந்து
நின்றது.
காகிதத்தில் இல்லாத நிழல்.
வசுமதி மூச்சு விடவில்லை.
யாரும் சொல்லாமலே என் விரல்
ஃபோகஸைக் கதவடிக்குக் கொண்டுபோனது.
கட் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

திறந்தால்
பக்கத்து அறை கல்கத்தாக்காரர்.
கையில் ஆஸ்பத்திரி உறை, பிரிக்காமல்.
பாதி இந்தி, பாதி சைகை:
இங்கிலீஷ் படிப்பீர்களா?

படிக்க வேண்டுமே என்று
பெரிய விளக்கைப் போட்டார் ஏகாம்பரம்.
மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம்,
ஒளிந்துகொள்ள ஒரு நிழல்கூட இல்லை.
நாங்கள் ஐந்து பேரும்
சுவரோரம் ஒதுங்கியிருந்தோம்.
நடுவில்
அந்த உறை.