இரண்டு கிராம்

பகலில் நான் செய்வது பற்கள்.
லோவிச் நகரத்து முதியவர்களில் பாதிப் பேர்
ஆப்பிள் கடிப்பது என் கைவேலையால்.
இரவில், அதே மேசையில்,
அதே துளைப்பான், அதே அரம்,
ஒரு போர்விமானம்.

முப்பத்தொன்பதில் பறந்த ரகம்.
'பதினொன்று' என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும்.
"எனக்கென்ன தெரியும்?" என்று
தோளைக் குலுக்குகிறவனைப் போல
உயர்ந்து வளைந்த இறக்கை.
அந்தக் குலுக்கலுக்கே பதினேழு இரவுகள் போயின.
பால்சாப் பட்டையை வெந்நீரில் ஊறவைத்து
ஊறுகாய்க் குடுவையைச் சுற்றிக் கட்டினேன்.
இடது வளைந்தது.
வலது வெடித்தது.
மறுபடி ஊறல், மறுபடி குடுவை.

பசைக்குக் கணக்கு. வண்ணத்துக்குக் கணக்கு.
மேலே காக்கி, கீழே வெளிர்நீலம்.
துப்பாக்கிகள், தீர்ந்துபோன பேனா ரீஃபில் இரண்டு.
மூக்கில் லெஷெக் கொடுத்த தூண்டில் ஈயம்,
வால் தணியாதிருக்க.

விமானிக்கு உடல் தேவைப்படவில்லை.
திறந்த இருக்கை, தலை தெரிந்தால் போதும்.
திருமதி ஒசோவ்ஸ்காவின் மேல்தட்டுக்குக் கலந்ததில்
மிஞ்சிய ஈறுநிற அக்ரிலிக்கைக்
கடைந்து எடுத்தேன்.
காற்றுக்கண்ணாடி வரைந்தேன்.
முகம் எடை கூடும் என்று
எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.
தராசு காட்டியது: இரண்டு கிராம்.

ஆகஸ்டின் கடைசி ஞாயிறு.
கோதுமை அறுத்த வெளி, கணுக்கால் குத்தும் தாள்.
தபால் வண்டி ஓட்டும் லெஷெக்
விமானத்தைத் தலைக்குமேல் தூக்கி
"பதிவுத் தபால், பிரோன்யா, கையெழுத்துப் போடு" என்றான்.
மின்கலத்தை இணைத்தேன். மூன்று பீப்.
உறுமலுக்குக் காத்திருந்த
பக்கத்துப் பண்ணைப் பையன்கள் இருவரும்
முகம் சுருங்கினார்கள்.
"ஹேர் டிரையர்!"

எறிந்தான்.
எறிந்த கணமே இடப்பக்கம் சரிந்து
தாள்நுனியை இறக்கை சீவ,
நான் பல்லைக் கடித்தேன்
(சொந்தப் பற்கள்),
வலது, வலது, இன்னும் கொஞ்சம் வலது.
எழுந்தது.

எழுந்து, வேலிமரங்களைத் தாண்டி,
குழியும் மேடுமான காற்றில் குலுங்கிக் குலுங்கிப் போய்
எங்கோ ஒரு புள்ளியில்
வருகிறதா போகிறதா என்று தெரியாமல் போயிற்று.
அடிவயிற்று நீலம் வானத்தில் கரைந்துவிட்டது.
அதற்காகவே பூசும் நீலம் அது.
பூசிய எனக்கு
அப்போதுதான் உறைத்தது.

பிறகு வெயில் திரும்பிப் பட்டு
சிவப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னியது.
"கரணம்! ஒரு கரணம்!" பையன்கள் கத்தினார்கள்.
முதல் பறப்பில் கூடாது என்று தெரியும்.
போட்டேன்.

நான்கு நிமிடம். இறங்கும்போது வேகம் அதிகம்.
சக்கரம் தாளில் சிக்க
மூக்கில் குத்திக் கவிழ்ந்தது.
ஒரு விசிறி இதழ் போயிற்று, அது பெரிதில்லை.
லெஷெக் நிமிர்த்திப் பார்த்துவிட்டு
"ஆள் எங்கே?" என்றான்.

நால்வரும் முழங்காலில் தேடினோம்.
"என்ன நிறம்?"
"ஈறு நிறம்."
பையன்கள் ஒருவன் உதட்டை ஒருவன் விலக்கி
சரிபார்த்துக்கொண்டு மறுபடி குனிந்தார்கள்.
நத்தை ஓடு. பீர் மூடி.
வைக்கோல் கட்டிய நைலான் கயிறு.
கரணத்தில் விழுந்திருந்தால்
அடுத்தவர் வயலிலும் இருக்கலாம்.
இருட்டும்வரை தேடினோம்.

வீட்டில் இதழ் மாற்றி,
இறக்கைக்கடியில் இரு விரல் வைத்துத் தூக்கினேன்.
முன்னுமில்லை, பின்னுமில்லை.
தலை இருந்தபோது நின்ற மாதிரியே
அசையாமல் நின்றது.

அது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று காலை அக்ரிலிக்கைக்
கொஞ்சம் கூடுதலாகவே கலந்திருக்கிறேன்.
இந்த முறை முகம் உண்டு.
வாய்தான் யோசனை.
வாய் வைத்தால்
பல்லும் வைக்கவேண்டியிருக்கும்.