மூன்றாம் எண் கூண்டு

துறைமுகத்துக் கொடிமரத்தில்
புயலுக்கு ஏற்றுவார்களே, அந்தப் பெயரைத்தான்
வைத்துக்கொண்டார்கள் நாலு பேரும்.
கடலூர் முதுநகரில், ஐஸ் கம்பெனிக்கு ஒட்டின உப்புக் கிடங்கு.
வாடகை ஆயிரத்து இருநூறு.
கரண்ட் எங்கள் லைனிலிருந்து.
முதலாளிக்குத் தெரியாது.

டிரம்ஸ் கவியரசி, பகலில் பெட்ரோல் பங்க்.
கிடார் நஜ்முதீன். பாஸ் டெரன்ஸ்.
பாடுகிறவன் சோனங்குப்பத்துப் பவுன்ராஜ்.
பாடுகிறான் என்று சொல்ல
எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.
அதுவரை கத்துகிறான் என்றே சொல்லிவந்தேன்.

ராத்திரி ஷிப்டு எனக்கு.
"அண்ணே, ஒங்க மிஷினு ஜி-ல நிக்கிது"
என்றான் டெரன்ஸ் ஒருநாள்.
கம்ப்ரசரின் முனகலுக்குத்
தங்கள் கம்பிகளை முறுக்கிக்கொண்டார்கள்.
தடைக்காலம் அறுபத்தொரு நாள்
மிஷின் நின்றபோது
அவர்கள் பாட்டெல்லாம் நொண்டியது.

பிறகு யாரோ எடுத்த நாற்பது விநாடி
நாலு லட்சம் பேருக்குப் போயிற்று.
சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்து
கிடங்கின் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.
பெங்களூர்ப் பத்திரிகை ஒன்று
'கடல் அரித்த குரல்' என்றது பவுன்ராஜை.
அது எங்கள் அம்மோனியா வால்வு.
வாஷர் வரத் தாமதம், மூன்று மாதமாய்க் கசிந்தது.

ஆல்பம் வருகிறது என்றார்கள்.
தாழ்வு நிலை என்றார்கள், ஆழ்ந்த தாழ்வு என்றார்கள்,
தென்கிழக்கே இருநூற்றைம்பது கிலோமீட்டரில்
நிலைகொண்டிருக்கிறது,
மறுநாளும் அங்கேயே நிலைகொண்டிருக்கிறது.
பாடுகிற ஒன்றைப் பற்றி
பாட்டு வருமுன்பே இத்தனை பேச்சு
நான் கேட்டதில்லை.
மீன் ஏலம் விடுகிறவர்கூடக் கேட்டார்:
"எப்பதான் கரையக் கடக்கும்?"

கார்த்திகையில், வெள்ளிக்கிழமை நள்ளிரவு.
கவியரசி கொடுத்த பழைய ஹெட்போனோடு
கேன்களின் மூடிப்பலகை மேல் உட்கார்ந்தேன்.
ஒன்பது பாட்டு. முப்பத்தேழு நிமிஷம்.

நன்றாக இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.
பவுன்ராஜுக்கு ழ வருகிறது இப்போது.
நன்றிப் பட்டியலில் 'ஐஸ் அண்ணன்' இருக்கிறார்.
என் பெயர் தில்லைகோவிந்தன்.

உறையும் தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால்
பாளம் கண்ணாடியாய் வரும்,
அந்தப் பக்கம் நிற்பவன் மூக்குத் தெரியும்.
ஊதாமல் விட்டால்
நடுவே வெள்ளையாய் ஒரு தண்டு நிற்கும்,
வெளியேற வழி கிடைக்காத மூச்சு.
கல்யாண வீட்டார் கண்ணாடிதான் கேட்பார்கள்.
மீனுக்கு எதுவானாலும் ஒன்று.

ஆறாவது பாட்டில் ஓரிடத்தில்
எல்லாரும் சட்டென்று நிறுத்துவார்கள்.
கிடங்கில், அந்த இடத்தை என் மிஷின் வைத்திருக்கும்,
கவியரசி திரும்ப அடிக்கும்வரை.
ஆல்பத்தில் அங்கே ஒன்றுமில்லை.
துடைத்துவிட்டார்கள்.
மருந்துக்கடைப் பஞ்சு மாதிரி இரண்டு விநாடி.

இடது காதை மட்டும் திறந்துகொண்டு
மறுபடி ஓட்டினேன்.
ஒரு காதில் அவர்கள், ஒரு காதில் இது.
நிறுத்தினார்கள். ஓடியது. அடித்தாள்.
எனக்கு மயிர்க்கூச்செறிந்தது,
அறை மைனஸ் எட்டில் இருந்ததாலும் இருக்கலாம்.

திங்கட்கிழமைக்குள் எழுதிவிட்டார்கள்:
எதிர்பார்த்த அளவு இல்லை.
பெங்களூர்ப் பத்திரிகைக்கு அரித்த குரல் காணவில்லையாம்.
நிஜப் புயலும் ஓங்கோல் பக்கம் போய்விட்டிருந்தது.

பாக்கி வாடகையோடு கவியரசி வந்தாள்.
எப்படி என்று அவள் கேட்கவில்லை,
நானாகத்தான் ஒரு காதை மாட்டிவிட்டேன்.
ஆறாவது பாட்டு.
அந்த இடம் வந்ததும் புருவம் சுருங்கியது.
"சேரலண்ணே. மிஷினு எறங்கியிருக்கு."
"பெல்ட்டு தொய்ஞ்சிபோச்சி" என்றேன்.

மூக்கை உறிஞ்சினாள்.
"வாஷர் மாத்திட்டீங்களா?"
"போன வாரம்."
"ம்."

வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்,
நாற்பது பாளம்.
ஆளுக்கொரு கொக்கி எடுத்துக்கொண்டோம்.