கரைக்காற்று

தஸ்தகீர் அதை ஏலத்தில் எடைக்கு எடுத்தார்,
கிலோ நாற்பத்திரண்டு ரூபாய்.
அக்கரைப்பேட்டைக்கு மீன் வண்டியில் வந்து இறங்கியது
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட.
மூன்று சிலிண்டர், மூன்று முள்,
பெயர்த் தகடு இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை.
ஓடுமா ரெஜினா என்றார்.
ஓடும், ஆனால்
பஞ்சர் கடைக் காற்று டயருக்குள் போவது.
டயருக்குத் தலை வலிக்காது என்றேன்.

முதலில் எண்ணெய்.
வடித்ததும் தெரிந்தது,
யாரோ டிராக்டர் எண்ணெய் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.
வடிகட்டிக் குடுவைக்குள் கரி
அடிப்பிடித்த பானை போல இறுகிக் கிடந்தது.
சுரண்டி எடுக்க ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் போயிற்று.

ஓட்டினேன்.
முதல் முள் ஐந்து. இரண்டாவது நாற்பது.
மூன்றாவது நூற்றிருபது வரை ஏறி
மறியலுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்துகொண்டது.
இரண்டாவது முள் மட்டும் மேலே மேலே போய்
டப்பென்று வெடித்தது சேஃப்டி வால்வு.
கூடைகளுக்கு அடியில் படுத்திருந்த நாய்கள்
பாலம் வரை ஓடின.

சேஃப்டி வால்வை மாத்து என்றார் தஸ்தகீர்.
தட்டி இறுக்கு என்றான் ஐஸ் உடைக்கிறவன்.
கத்தியது அது. கடித்தது வேறு எதுவோ.
மூன்றாவதுக்குள் போன காற்று
போன வழியே இரண்டாவதுக்குத் திரும்புகிறது.
திறந்தேன். வால்வுத் தகட்டின் மேல்
ஒரு துரும்புத் துரு.
கண்ணாடித் தட்டில் பசை தடவி
லைசென்ஸுக்கு எட்டுப் போடுவது போல
எட்டு எட்டாகத் தேய்த்தேன்,
என் முகம் கலங்கலாகத் தெரியும் வரை.

அன்று சாயங்காலம் இருநூறு.
கடைமடைக்குத் தண்ணி வந்துட்டுதா என்று
வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு போனவரிடம்
வடிகுழாயைத் திறந்து காட்டினேன்.
நாகையின் காற்றைப் பிழிந்து
அரை டம்ளர், பால் நிறத்தில்.

வெள்ளைக் கைக்குட்டையில் பீய்ச்சினேன், கறை இல்லை.
நானே இழுத்துப் பார்த்தேன், வாசனை இல்லை.

மறுநாள் விடியக்காலை ஐந்துக்கு நிரப்பி
சூசைமாணிக்கம் விசைப்படகுக்கு அடியில் இறங்கினார்,
காற்றாடியில் சுற்றிய வலையை அறுக்க.
பத்தாவது நிமிஷம் மேலே வந்தார்.
தலை விண்ணுன்னு தெறிக்குது என்றார்.
பலகையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.
அவர் மனைவி என்னை ஒன்றும் கேட்கவில்லை.
டப்பாவிலிருந்து டீயை ஊற்றி
அவருக்கு மட்டும் கொடுத்தாள்.

இரண்டு நாள் பிரித்தேன், பூட்டினேன்.
இயந்திரத்தில் ஒரு குற்றமும் இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் விடியலில் அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன்.
வைக்கோல் எரிகிற நெடி.
சிக்கல் பக்கம் சம்பா அறுத்த வயலில் தாள் கொளுத்துகிறார்கள்,
கரையிலிருந்து கடலுக்குப் போகிறது காற்று.
திரும்பிப் பார்த்தேன்.
எஞ்சின் புகையும் அதே திசையில் ஒழுங்காகப் போய்
உறிஞ்சுகுழாயின் வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது.
சாயங்காலம் நான் சோதித்தபோது கொண்டல்;
புகையை ஊர்ப்பக்கம் தள்ளியிருந்தது.
கரி தடுக்காத புகை, கைக்குட்டையில் தெரியாத கறை.
நான் பிரித்ததெல்லாம் இரும்பு.
காற்றை நான் பார்க்கவே இல்லை.

போர்வெல் போடுகிறவனிடம் கடனாக
பதினெட்டு அடி பிவிசி குழாய்.
ஐஸ் பாக்டரி சுவரோடு நிமிர்த்திக் கட்டி
வாயில் கொசுவலை.
வயல் எரிகிற நாளில் நிரப்புவதில்லை என்று
தஸ்தகீரிடம் சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்தேன்.

சூசைமாணிக்கம் வந்தார், ஒன்பது நாள் கழித்து.
நீ முதல்ல இழு என்றார்.
கருவியைக் கடித்துக்கொண்டு
பத்து நிமிஷம் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை,
என் உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு வாங்கி, தன் பனியனில் துடைத்து,
இறங்கினார்.

குமிழிகள் வந்துகொண்டிருக்கின்றன.
நோட்டில் எழுதுகிறேன்:
மணி ஆறு பத்து. இருநூறு.
காற்று மேற்கே இருந்து.
புகை இல்லை, இதுவரை.