நாலு வரி

ஞாயிறு இதழுக்கு
நாலு வரி போதும் என்றார் போதகர்.
கீழே கூரை நிதிக் கணக்குப் போக வேண்டுமாம்.

முதல் வரியில் பெயர்:
பியற்றிஸ் நேசமலர் சின்னத்துரை, வயது தொண்ணூற்றாறு.
அதிலேயே அவருக்குப் பிடிக்காத ஒன்று வந்துவிட்டது.
குடிசன மதிப்புக்கு வந்த பையனிடம்
"வாக்குப் போடும் வயது வந்துவிட்டது, எழுதிக்கொள்"
என்று கதவைச் சாத்தியவர்.

ஹாமில்டனுக்கு வந்தது அறுபத்தொன்பது மாசியில்.
கணவர் உருக்காலையில் கணக்கர்.
முதல் ஞாயிறு கடைசி வாங்கில் இருந்தவர்
உயிர்ப்பு ஞாயிறுக்குள் முன்வாங்குக்கு வந்துவிட்டார்.
பாடுவதற்கு அல்ல. குரல் சுமார்தான்.
பீடத்துச் சுவரில் ஈரம் உரித்த சுண்ணாம்பைப் பார்த்துக்
கை அரித்ததாம்.

ஏணியில் மூன்று மாதம்.
யோர்தான் வந்தது. யோவான் வந்தார்.
இடுப்பளவு நீரில் ஆண்டவர்.
அக்கரையில் ஏழு புகைபோக்கிகள்.

சபை கூடிற்று.
வேதத்தில் புகைபோக்கி எந்த அதிகாரம் என்றார்கள்.
"திங்கட்கிழமை நீங்கள் எல்லாரும் எங்கே போகிறீர்கள்?"
கேட்டுவிட்டுத் தூரிகையைத் துடைத்தார்.
ஒரு வாக்கில் பிழைத்தது ஆலை.
அந்த ஒரு வாக்கு அவருடையது.
வெளியே இரண்டை இடித்துவிட்டார்கள் இப்போது.
உள்ளே ஏழும் புகைகின்றன.

எண்பத்தொன்றில் வேலைநிறுத்தம்.
அந்த வியாழன் மண்டபத்தில் சூப் வைத்தார்:
பருப்பு, செலரி, கரட்,
யாருக்கும் சொல்லாமல் ஒரு கரண்டி ரசப்பொடி.
ஸ்கொட்லாந்துக்காரர்கள் வியர்த்துக்கொண்டே
இரண்டாம் கிண்ணம் கேட்டார்கள்.
வேலைநிறுத்தம் முடிந்தது.
சூப்பை நிறுத்த அவருக்கு யாரும் சொல்லவில்லை.
சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்.

புனிதை என்று எழுத எனக்கு வராது.
என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை.
மண்டபத்துச் சுவருக்கு நான் வாங்கிய வெள்ளை
ஆஸ்பத்திரி வெள்ளையாம்.
சமாதானம் கூறும் நேரத்தில்கூட
என் கையைத் தாண்டி அடுத்த கையைப் பிடித்தார்.

ஒருமுறை ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
கீழறைப் படிக்கட்டில் ஒரு பிள்ளையின் பனிச்சப்பாத்து,
சிவப்பு, இன்னும் ஈரம்.
அவருக்குப் பிள்ளைகள் இல்லை.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
"ஏணியைக் கராஜில் வை" என்றார்.
அவ்வளவுதான் பேச்சு.

எண்பத்தெட்டில் கண்ணில் பாட்டம் விழுந்தது.
சொல்லாமலே தீட்டினார்.
அந்த நத்தாருக்குக் கபிரியேலின் நீலச் சிறகு
சேற்று நிறத்தில் வந்தது.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு
ஆமென் என்றோம்.
சத்திரசிகிச்சை முடிந்து
கட்டவிழ்த்த கண்ணோடு வந்து நின்று
வயிறு குலுங்கச் சிரித்தார்:
"ஐயோ, கோழிச் செட்டையல்லோ போட்டு விட்டிருக்கிறேன்!
ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?"
திருத்தவில்லை.
தேவதூதனுக்கும் ஒரு நாள்
முட்டையிடத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்.
போதகர் கேட்காதவர் போல் இருந்தார்.

அடக்க ஆராதனையில்
கடைசி வாங்கில் உயரமான ஒரு பெண்,
முப்பது முப்பத்தைந்து இருக்கும்.
யாருக்கும் தெரியவில்லை.
ஏனோ அவள் கால்களைப் பார்த்தேன்.
கேட்கவில்லை.

மேலங்கிப் பையில் மண்டபத்துச் சாவி கிடைத்தது,
எழுபத்தைந்தில் தொலைந்ததாகக் குறிப்பேட்டில் உள்ள சாவி.
அதோடு ஒரு தூரிகையின் மூடி,
பாதி சூப்பிய மிளகுமிட்டாய்.

முதல் வரி: பெயர். வயதை வெட்டிவிட்டேன்.
இரண்டாம் வரி: பீடத்துச் சுவரைப் பார்க்கவும்.
மூன்றாம் வரி மூன்று முறை எழுதிக் கிழித்தேன்,
அது வெறுமையாகவே அச்சாகட்டும்.
நாலாவது:
வியாழக்கிழமை சூப் வழக்கம்போல், பதினொன்றரைக்கு.
வெங்காயம் உரிக்க
ஆள் தேவை.