ஐந்தாம் தலைக்கு

புதுவயல் அரிசி ஆலையில்
எடை போடுகிறவன் நான்.
நாளெல்லாம் அடுத்தவர் மூட்டை.

நோன்பு முப்பதும்
உதட்டில் படியும் தவிட்டை
நாவால் தொடாமல் தோளில் துடைத்தேன்.
நெல் அவியும் வாசம் மட்டும்
கேட்காமல் உள்ளே வந்து போகும்.

வெள்ளைச்சாமி அடிக்கடி
கொதிகலனுக்குப் பின்னால் போவான்.
பீடிக்கென்று நினைத்திருந்தேன்.
பத்தாம் நோன்பன்றுதான் பார்த்தேன்,
சுவரைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பள்ளிவாசல் அண்டாவில்
எங்கள் ஆலை நொய்தான் கஞ்சி.
ஒரு தூக்குவாளி அவன் வீட்டுக்கும் போகும்.

நூர்நிஷாவுக்கு இந்த வருடம் நிறைமாதம்.
விட்ட நோன்பையெல்லாம்
காலண்டரில் கோடு போட்டு வைத்தாள்,
மளிகைக் கடன் மாதிரி.

பிறை தெரிந்தது.
புகைபோக்கிக்கு இடப்பக்கம்
யாரோ செருகி மறந்த கோணி ஊசி.

முள்ளுத் தராசை இரவல் வாங்கி வந்து
பித்ரா அரிசி அளந்தேன்.
தலைக்கு இரண்டரைக் கிலோ:
எனக்கு, அவளுக்கு,
தாஹிருக்கு, சின்னவள் ஜுலைஹாவுக்கு.
அப்புறம் அவள் வயிற்றைப் பார்த்தேன்.
"உள்ளே இருக்கிறவரைக்கும் அதுக்குக் கடமையில்லை"
என்றவள்
சொல்லி முடிக்கவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

காரைக்குடிக்குள் ஆட்டோ நகரவில்லை.
வளையல் கடையில் கூட்டம்.
தையல்கடை வாசலில் இருவர்
இன்னும் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
யா அல்லாஹ் என்றாள்.

இரண்டு நாற்பதுக்குப் பெண்.
"ரெண்டு கிலோ அறுநூறு" என்றார் நர்ஸ்.
"துணி எடை கழிச்சீங்களா?"
வாய் தவறி வந்துவிட்டது.
நூர்நிஷா அந்த வலியிலும் சிரித்தாள்.

பால் வண்டியில் ஊர் திரும்பி
பள்ளிவாசலுக்கு ஓடினேன்.
குவியல் குவியலாய் அரிசி.
ஹஜ்ரத் கேட்டார்:
"சுபுஹுக்கு முந்தியா, பிந்தியா?"
"முந்தி."
"அப்ப உண்டு."
பேர் கேட்டார்கள்.
இன்னும் வைக்கவில்லை என்றேன்.
நோட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது,
எதிரில் இரண்டரை என்று மட்டும்.

புதுச்சட்டை மடிப்புக் கலையாமல் வீட்டில் கிடந்தது.
அத்தர் இல்லை, டெட்டால் வாசத்தோடு
பெருநாள் தொழுகையில் நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது
வார்டு வாசலில் வெள்ளைச்சாமி.
கையில் அதே தூக்குவாளி, நிறைய டீ.
இரண்டு டம்ளரில் ஊற்றினான்.
என் முகத்தைப் பார்த்தபடியே
முதல் வாய் உறிஞ்சினான்.